பொன்னாடைப் படம் போதும், 60 நாள் கணக்கைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும் படம் அண்மையில் உங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. சுற்றி நின்றவர்களின் பட்டங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் போட்டிருந்தீர்கள், சரி, ஆனால் அந்த மனிதர் இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. அதைப் படித்ததும்தான் எங்கள் ஜெலுத்தோங் பக்கத்து ஐயாவைப் பற்றி எழுதத் தோன்றியது. பெயரைப் போட்டால் என்னோடு பேசமாட்டேன் என்கிறார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன்.

பினாங்கு லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவர். இரவில் சட்டம் படித்து, மாஜிஸ்திரேட் ஆகி, செஷன்ஸ் நீதிபதியாக ஓய்வு பெற்றார். பெரிய வழக்கு எதிலும் அவர் பெயர் அடிபட்டதில்லை.

மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது பார்த்த ஒரு விஷயத்தை அவர் இன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தோட்டத்து ஆள் கூண்டில் நிற்பார், குற்றச்சாட்டை வாசித்ததும் "ஆமாங்கய்யா" என்பார், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும். நம் ஆட்களுக்கு அந்த "ஆமாங்கய்யா" வெறும் மரியாதை, சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒப்புக்கொள்கிறவருக்கு அதன் பொருளும் விளைவும் புரிந்திருக்கிறதா என்று நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் வரிசையில் அத்தனை வழக்கு காத்திருக்கும்போது யாருக்குப் பொறுமை? ஐயா மாஜிஸ்திரேட் ஆனபிறகு, "நீ என்ன செய்தாய், உன் வாயாலேயே சொல்லு" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்பாராம். சிலர் அப்போதுதான் "நான் எடுக்கவே இல்லையேங்கய்யா" என்பார்களாம். மலாயில் மாற்றிச் சொல்வதற்கு முன்பே இவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

இப்போது சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்து ஓரமாக ஒரு மடக்கு மேசை போட்டு உட்காருகிறார். சொந்த ஸ்டேப்ளர், ஒரு பழைய மைலோ டின் நிறைய பேனா, பக்கத்தில் ஆறிப்போன தே ஓ. வருகிறவர்களில் பாதி சூராட் பெரானாக், அதாவது பிறப்புப் பத்திரப் பிரச்சினை. கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று நினைத்து ரெஜிஸ்டர் செய்யாமல் விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1 முதல் பதிவு செய்யாத திருமணம் சட்டப்படி திருமணமே இல்லை, அப்படிப் பிறந்த பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயைத்தான் பார்ப்பார்கள், அப்பாவிடம் குடிமக்களுக்குத் தரும் நீல ஐசி இருந்தும் உதவாது. தாயிடமும் பத்திரம் சரியாக இல்லையென்றால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். போன மாதம் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார், பையனுடைய சூராட் பெரானாக்கில் குடிமகன் அல்ல என்று இருக்கிறது, பிறந்ததும் வளர்ந்ததும் இதே பினாங்கு ஆயர் ஈத்தாமில். ஐயா யாரையும் திட்டவில்லை. வயது வரம்புக்குள் மனு போட அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் வழி இருக்கிறது, கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது என்று இரண்டையும் சொல்லிவிட்டு, பாரத்தை எடுத்தார்.

என் மச்சான் கதையும் அங்கேதான் நடந்தது. ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருஷம் வேலை செய்தவரை ஒரே கடிதத்தில் அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் கூப்பிடுவார், மேனேஜர் கூப்பிடுவார் என்று இவர் காத்திருந்தார். நான் இழுத்துக்கொண்டு போனபோது ஐயா கடிதத்தில் முதலில் பார்த்தது தேதியைத்தான். விரல்விட்டு எண்ணினார். 57-வது நாள். வேலைநீக்கம் செய்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும், வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, ஆனால் 61-வது நாள் போனால் கதை முடிந்தது. அன்றைக்கே எழுதித் தந்தார். திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வேலை திரும்பக் கிடைக்கவில்லை, சமரசப் பேச்சில் சில மாதச் சம்பளம் கிடைத்தது.

அப்புறம்தான் ஐயா மச்சானிடம் நீதிபதி கோபால் ஸ்ரீராமைப் பற்றிச் சொன்னார். 1994-ல் வக்கீல் தொழிலிலிருந்து நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனவர், 2023 ஜனவரியில் காலமானார். 1996-ல் ஓர் ஆரம்பப் பள்ளித் துணைத் தலைமையாசிரியரின் வழக்கு. தோட்டக்காரர் சம்பளப் பண விவகாரத்தில் வேலையே போயிற்று. அரசியலமைப்பின் 5-வது பிரிவில் வரும் "உயிர்" என்ற சொல்லில் பிழைப்பும் அடங்கும் என்று ஸ்ரீராம் எழுதினார், வேலைநீக்கம் பதவியிறக்கமாக மாறியது. டெங்கில் பக்கம் தெமுவான் பூர்வகுடியினரின் நிலத்தை நெடுஞ்சாலைக்கு எடுத்த வழக்கில், கையில் கிராண்ட் என்கிற நிலப் பத்திரம் இல்லாவிட்டாலும் பரம்பரை மண்ணில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2005-ல் தீர்ப்பு எழுதியவரும் அவரே. மச்சான் மூன்றாம் படிவத்து பிஎம்ஆர் பரீட்சையோடு படிப்பை விட்டவர், "உயிருன்னா பொழப்புமா?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

ஸ்ரீராமுக்கு நீங்கள் இரங்கல் செய்தி போட்டீர்கள், பட்டங்களோடு. இந்தத் தீர்ப்பைத் தமிழில் பத்து வரியில் போட்டிருந்தால் என் மச்சான் 57 நாள் காத்திருக்கமாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஐயாவிடம் பேட்டி கேட்டு யாரையும் அனுப்பாதீர்கள், கொடுக்கமாட்டார். பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: வேலைவாய்ப்பு விளம்பரம் வருகிற பக்கத்தின் மூலையில் "60 நாள்" என்று கொட்டை எழுத்தில் வாராவாரம் போட முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

வாசகர் ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு