உட்கார ஒரு முக்காலி

கோவில்பட்டி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இடது காலில் சுருண்டிருந்த நரம்புக்குச் சென்ற மாதம் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. இப்போது வீட்டுக்குள் நடக்கிறேன், தையல் இயந்திரத்தை இன்னும் மிதிக்கவில்லை. "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். ஜவுளிக்கடையில் ஒன்பது ஆண்டு என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

உன் இளைய மகள் சென்னையில் புடவைக் கடை வேலைக்குப் போகப் போகிறாள், நல்லதா என்று கேட்டிருக்கிறாய். நாம் சேர்ந்து வேலை பார்த்த ஜவுளிக்கடையிலிருந்து நீ ஓராண்டில் திருமணமாகிப் போய்விட்டாய். அதனால் உன் நினைவில் தியாகராய நகர் விடுதி மாடியில் நாம் சேர்ந்து சிரித்த இரவுகள்தான் அதிகம் இருக்கும். எனக்கு அந்தக் கடைத் தளத்தின் பளிங்குத் தரைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காலை ஒன்பதரைக்கு அதில் ஏறினால் இரவு ஒன்பதரைக்குத்தான் இறங்குவோம். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கவேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே இருப்போமே, நினைவிருக்கிறதா? நீ போன பிறகும் எட்டு ஆண்டு நான் அப்படித்தான் இருந்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால், அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தோம். எங்களுக்குப் புடவை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவளுக்குப் பின்னால் முக்காலி இருந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். "நாங்கள் முடிவெடுக்க நேரமாகும், நீ கொஞ்சம் உட்காரம்மா" என்றேன். அவள் தளத்தின் கோடியில் நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தாள். பிறகு, "பரவாயில்லை அக்கா" என்று சொல்லி அடுத்த புடவையை எடுத்தாள். அன்று எனக்குப் புடவையில் மனம் போகவில்லை.

உட்காருவதற்கு இப்போது சட்டமே இருக்கிறது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று 22-அ பிரிவைச் சேர்த்தார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகத்தான் திரண்டார்கள், பிறகு உட்காரும் உரிமையையும் கேட்டு வாங்கினார்கள். விஜி என்ற பெண்மணியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் அதற்கு முன்னின்றன. இங்கிலாந்தில் இதே காரணத்துக்கு 1899-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நாம் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தக் கால்வலி யாருக்கோ புரிந்திருக்கிறது.

ஆனால் முக்காலியைவிடப் பெரியது நேரக் கணக்கு. அதை உன் மகளுக்கு நீ கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த 1947 சட்டப்படி கடை வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. மிகைநேரம் சேர்த்தாலும் ஒரு நாளில் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். அப்படியானால் பத்து மணி நேரம் நிற்கிறவளுக்கு ஒன்றரை நாள் கூலி வர வேண்டும். நம்மைப்போல் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பதே தவறு. அப்படி நிற்க வைத்தால் கூடுதல் நான்கு மணி நேரம் இரட்டிப்பாகி எட்டாகிறது, இன்னொரு முழு நாள் கூலி. நோட்டில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆண்டும் நான் பாதிக் கூலிக்கு நின்றிருக்கிறேன்.

முதலாளியைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தங்கை கல்யாணத்துக்குக் கேட்டவுடன் முன்பணம் கொடுத்தார். தீபாவளிக்குப் புடவை தந்தார். அந்த முன்பணம் கழிய இரண்டு ஆண்டு ஆயிற்று, அதுவரை வேறு கடைக்கு மாற முடியவில்லை. கேட்கிறபோது உதவி செய்ததற்காக இன்றும் அவர்மேல் எனக்கு நன்றி உண்டு. ஆனாலும், மிகைநேரக் கூலியை மாதாமாதம் ஒழுங்காகத் தந்திருந்தால் நான் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.

நான் மஞ்சள்காமாலையில் படுத்தபோது இருபது நாள் சம்பளத்தைப் பிடித்தார்களே, அதுவும் மனத்தில் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தால் மருத்துவமும் கிடைத்திருக்கும், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதமும் வந்திருக்கும். இன்று மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

அதனால் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கை படித்தாள், நானும் என் காலில் நின்றேன். சேருவதற்கு முன் அவள் கேட்கட்டும்: நேரம் எத்தனை, வார விடுமுறை எந்த நாள், சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பிடிப்பார்கள், ஈ.எஸ்.ஐ. எண்ணும் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி எண்ணும் எப்போது தருவார்கள், சம்பளச் சீட்டு உண்டா? கேட்டால் வேலை கிடைக்காதோ என்று பயப்படுவாள். நாமும் அப்படித்தான் பயந்தோம். கூடச் சேரும் பெண்கள் நாலு பேரும் சேர்ந்தே கேட்கச் சொல். வேலைக்கு வந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் எழுதிவரட்டும்.

சென்னைக்கு வண்டி ஏறும் முன் அவளை இங்கே ஒரு நாள் அழைத்து வா. நோட்டு நானே வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கோடு போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி