ஊர் நடுவே உள்ள இடம்: மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடைவீதியை ஒட்டிய பொது இடத்தில் என்ன கட்டலாம் என்று மூன்று யோசனைகள் பேச்சில் இருக்கின்றன: கார் நிறுத்துமிடத்தோடு பல மாடி வணிக வளாகம்; சுற்றுலாப் பயணிகளுக்கான பாரம்பரிய விடுதியும் கைவினை அங்காடியும்; காய்கறி, பூ, பழக் கடைகளுக்கான சந்தையும் மரநிழலோடு கொஞ்சம் திறந்தவெளியும். என் ஓட்டு மூன்றாவதற்கு.

விடுதியின் வரைபடம்தான் மூன்றிலும் அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் நம் ஊருக்குக் கூட்டம் வருகிற விதத்தை யோசியுங்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால், வெளியூர் போய்விட்ட வீட்டுக்காரர்கள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். முடிந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளிநாட்டுப் பயணிகள் பனிக்காலத்தோடு சரி. சித்திரை வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்த இடத்தை யார் பயன்படுத்துவார்கள்? கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயலிலிருந்து பஸ் ஏறிச் சாமான் வாங்க வருகிற பெண்கள், அழகப்பா பல்கலைக்கழகத்து மாணவர்கள், கூடையோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள். அவர்களுக்கு அந்த விடுதியில் ஒரு வேலையும் இல்லை.

விடுதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன; பயணிகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் அதற்குத்தான் பூட்டிய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றனவே. கானாடுகாத்தானில் பழைய வீடுகளையே விடுதியாக்கி நடத்திக்கொண்டிருக்கிறார்கள். இங்கேயும் உரிமையாளர்களுக்கு வரியில் சலுகை கொடுத்து, அனுமதியை எளிதாக்கினால் வீடும் பிழைக்கும், பொது இடமும் மிஞ்சும். பங்காளிகள் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு என்பது தெரியும்; அதற்கும் வழி தேட வேண்டியதுதான். இடிந்த வீட்டுத் தேக்குத் தூணை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிவந்து கான்கிரீட் கட்டடத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, அதைப் பாரம்பரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வணிக வளாகத்தில் வருமானம் இருக்கிறது. 2024-இல் மாநகராட்சி ஆன ஊருக்குச் செலவும் கூடியிருக்கும். கார் நிறுத்த இடமில்லை என்பதும் உண்மை. ஆனால் அட்வான்ஸ் தொகையைப் பார்த்தே சின்ன வியாபாரி பின்வாங்கிவிடுவார். தரைத்தளம் பெரிய கடைகளுக்குப் போகும். மேல்மாடிகளுக்கு ஆள் ஏறுமா என்பது சந்தேகம். சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். இந்த இடத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் அந்தக் குழுவைக் கூட்டிக் கேளுங்கள்.

தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. நம் முன்னோர் ஓட்டுச் சரிவில் விழும் மழையை வளவு (வீட்டின் உள்கட்டு) முற்றத்தில் பிடித்தார்கள், மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பினார்கள். அந்த இடம் முழுக்க சிமெண்ட் போட்டு மூடினால், ஐப்பசி மழையில் தண்ணீர் பக்கத்துக் கடைகளுக்குள்தான் போகும். திறந்தவெளி கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். சந்தைக்குக் கீழே ஒரு தளம் தோண்டி வண்டி நிறுத்த முடியுமா என்று பொறியாளர்கள் பார்க்கட்டும். மழைநீர் வெளியேற வழி இல்லையென்றால் அந்த யோசனையைக் கைவிட வேண்டும்.

மன்றத்தில் தீர்மானம் வைப்பதற்கு முன் மூன்று திட்டங்களின் வரைவையும் தமிழில், வார்டு வாரியாக ஒட்டுங்கள். கலர் படம் வேண்டாம். குத்தகை எத்தனை வருடம், தரைத்தளக் கடைக்கு வாடகை எவ்வளவு, இப்போது அங்கே கடை போட்டிருப்பவர்களில் யாருக்குத் திரும்ப இடம் உண்டு, கழிப்பறையை யார் பராமரிப்பார்கள் என்ற விவரங்கள் போதும். குத்தகை 30 வருடத்துக்கு என்றால், இன்று கையெழுத்துப் போடுகிற யாரும் அது முடியும்போது பதவியில் இருக்க மாட்டீர்கள். ஆகவே நடுவில் வாடகையைத் திருத்தவும் ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்ற ஷரத்தை இப்போதே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைவீதிக்குத் தினமும் வந்துபோகும் ஒரு காரைக்குடிக்காரன்