மட்கார்டைக் கழற்றாமல் படமெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் வடிவமைத்த மோட்டார் சைக்கிள்களை அறிமுகப்படுத்தும் புதிய பகுதியைத் தொடங்கவிருப்பதாகச் சென்ற இதழில் அறிவித்திருந்தீர்கள். அப்படியொரு வண்டியைச் செய்து, அதைப் பத்திரிகைக்குக் காட்டி, அதனால் வந்த விளைவையும் கண்டவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன்.

சேலம் சூரமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஓட்டிய 1986-ஆம் ஆண்டு புல்லட் பட்டறை மூலையில் துருவேறி நின்றது. அதன் 346 சி.சி. இன்ஜினையும் எண் பொறித்த சேஸிஸையும் தொடாமல், டேங்க், சீட், மட்கார்டு, ஹேண்டில்பார் ஆகியவற்றை நானே செய்வதென்று தீர்மானித்து, கடை வேலை முடிந்த இரவுகளில் மூன்று ஆண்டுகள் உழைத்தேன். டேங்கை 18 கேஜ் தகட்டில், மணல் மூட்டையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டியே வளைத்தேன். பற்றவைத்து முடித்த அன்று, பக்கத்துப் பட்டறையில் டிங்கரிங் வேலை செய்யும் பெரியவர் அதன் வாயை ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றேற்றி, இணைப்பு நெடுகச் சோப்புத் தண்ணீரைத் தடவினார். மூடிக்குக் கீழே குண்டூசி முனையளவு ஒரு குமிழி எழுந்து உடைந்தது. அதே இடத்தில் மறுபடியும் எழுந்தது. “காத்து வர்ற இடத்துல பெட்ரோல் வராமலா இருக்கும், தம்பி?” என்றார். மறுநாள் அந்த இடத்தை ராவி மீண்டும் பற்றவைத்தோம்.

அதன் பிறகும் வண்டி முழுமையடையவில்லை என்பது ஏற்காடு மலைப்பாதையில்தான் தெரிந்தது. சேலத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமதளத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியும் தட்டுப்படாத ஒரு குறை, முதல் முறை மலையிலிருந்து இறங்குகையில் ஒரு வளைவில் ஹேண்டிலை முழுவதும் ஒடித்தபோது வெளிப்பட்டது: தாழ்வாக அமைத்திருந்த ஹேண்டில்பாருக்கும் டேங்குக்கும் இடையே என் வலது கைக் கட்டைவிரல் சிக்கிக்கொண்டது. விரலை உருவுவதற்குள் வண்டி எதிர்ப்புற விளிம்புவரை போய்விட்டது. மேலே ஏறிவரும் பேருந்து எதுவும் அந்த நேரத்தில் இல்லாததால்தான் இன்று இக்கடிதத்தை எழுதுகிறேன். பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்த அந்த டேங்கின் இருபுறமும் முன்பகுதியை அறுத்து, விரலுக்கு இடம் விட்டுக் குழித்து, மீண்டும் செய்தேன்.

இதற்குப் பிறகே ஒரு மோட்டார் இதழிலிருந்து வந்து பார்த்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ந்த நாட்கள் குறைவு. ஆனால் அவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லவே இல்லை. படத்துக்கு அழகாக இருக்காது என்று கூறி, பின் மட்கார்டையும், இரு கண்ணாடிகளையும், நம்பர் பிளேட்டையும் கழற்றச் சொன்னார்கள். நானும் மறுக்காமல் கழற்றினேன். அந்தத் தவறு என்னுடையது. டேங்கில் ஏன் அந்தக் குழிவு என்று எவரும் கேட்கவில்லை. படத்தின் கீழே ‘ஆக்ரோஷமான வடிவம்’ என்று அதை வருணித்திருந்தார்கள்.

படம் வெளிவந்த சில வாரங்களில் கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வரத் தொடங்கினார்கள். “அண்ணா, இதே மாதிரி மட்கார்டு இல்லாம செஞ்சு குடுங்க” என்றுதான் ஒவ்வொருவரும் கேட்டார்கள். சாலையில் நான் அப்படி ஓட்டியதே இல்லை என்று சொன்னபோது, பத்திரிகையில் வந்திருக்கிறதே என்றார்கள். மழைக்காலத்தில் பின்னால் வருபவர் முகத்தில் சேற்றை வாரி இறைக்கும் வண்டியை, பின்னால் வரும் லாரி தெரியாத வண்டியை, என் படத்தைப் பார்த்துச் செய்யத் துணிந்தார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இன்ஜினையும் சேஸிஸையும் நான் தொடாததற்கு அப்பாவின் நினைவோடு இதுவும் ஒரு காரணம். இத்தகைய வண்டிகளைப் பாராட்டி எழுதும் கட்டுரைகள் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் விடுவது, படிக்கும் இளைஞர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஆகவே, தங்கள் பகுதிக்கு வண்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, சாலையில் ஓடும் கோலத்திலேயே படமெடுங்கள். செய்தவரிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். பற்றவைத்த இடங்களைத் தடவிப் பாருங்கள். முடிந்தால் ஒரு மலைப்பாதையில் ஏற்றி இறக்குங்கள்; இறக்கத்தில் சூடேறும் டிரம் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பது எந்தப் படத்திலும் விழாது. செய்தவரின் பெயரோடு, டேங்க் தட்டியவர், குரோம் பூசியவர், சீட் தைத்தவர் பெயர்களையும் போடுங்கள். என் வண்டியைப் பற்றி வந்த கட்டுரையில் அந்தப் பெரியவரின் பெயர் இல்லை. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றாலும், அந்தப் பக்கத்தை அவரிடம் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் வண்டி இப்போது மட்கார்டும் கண்ணாடிகளும் நம்பர் பிளேட்டும் பொருத்தியபடி பட்டறை வாசலில் நிற்கிறது. தங்கள் செய்தியாளர் ஒரு வேலைநாளில் காலை ஆறு மணிக்கு ஏற்காடு அடிவாரத்துக்கு வந்தால், சுற்றுலா வேன்கள் ஏறத் தொடங்குமுன் ஏரிவரை அவரே ஓட்டிச் சென்று திரும்பலாம். அந்தப் பெரியவரையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சூரமங்கலம், சேலம்.