2024–25 ஆண்டறிக்கை: ஐப்பசிக் காய்ச்சலும் வரிசைப் பொறுப்பாளர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, குடும்பத்தோடு வந்திருக்கும் நம் நகர் மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். குழுக் கூட்டம் மாதந்தோறும் நடந்தது. ஆடியில் மட்டும் ஆள் சேரவில்லை. மனு மேல் மனு கொடுத்ததில் கிழக்குத் தெரு விளக்குகள் இப்போது எரிகின்றன. பொங்கல் விளையாட்டில் உறியடி இந்த ஆண்டும் சண்டையில்தான் முடிந்தது. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார், அவர் பேசினால்தான் வசூலாகும்.

மற்றதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் கதைதான். மன்னார்குடிப் பக்கம் மழைக்காலத்தில் காய்ச்சல் புதிதில்லை. ஆனால் கடைசி வரிசையில் அடுத்தடுத்து டெங்கு என்று ரிசல்ட் வந்ததும் நம் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பு விடுத்தோம்: ஞாயிறு காலை எல்லோரும் வாருங்கள், கொசுப்புழு ஒழிப்போம். கட்டைவிரல்கள் குவிந்தன. ஞாயிறு காலை வந்தவர்கள் தலைவரும் நானும் டீ வாங்கி வைத்திருந்த துணைச் செயலாளரும்தான். டீ மிஞ்சிப் போனது.

நம் மக்களுக்கு மனசே இல்லை என்று அன்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதே ஆட்கள்தான் 2018 நவம்பரில் கஜா அடித்தபோது விழுந்த மரங்களை அறுத்து வழி விட்டார்கள், ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீடு வீடாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். புயல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. காய்ச்சல் அடுத்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

குழுக் கூட்டத்தில் நம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒரு சோதனையைச் சொன்னார். அமெரிக்காவில் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1968-ல் வெளியிட்டது. மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து இன்டர்காம் வழியாகப் பேசவிட்டார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். அது தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்குவதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். மற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கை நடுங்க உட்கார்ந்திருந்தார்களாம். யாராவது போயிருப்பார்கள் என்ற நினைப்புதான்.

நம் மூத்த உறுப்பினர், பழைய மிராசுதார், சிரித்துவிட்டார். "இதுக்கு அமெரிக்கா போகணுமா தம்பி? குடிமராமத்துல வாய்க்கால் வெட்ட எல்லாரும் வாங்கன்னு எவனும் தமுக்கு அடிக்க மாட்டான். இந்த மடையிலேருந்து அந்த மடை வரைக்கும் உன் பங்குன்னு அளந்து விட்டுடுவான். வரலேன்னா ஊருக்கே தெரியும்" என்றார்.

சரி என்று அப்படியே செய்தோம். நகரை வரிசை வரிசையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பெயர் சொல்லி, வீட்டுக்கே போய்க் கேட்டோம். முடியாது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. "முன்னாடியே என்னைக் கேட்டிருக்கலாமே சார்" என்று கோபித்துக்கொண்டவர்கள்கூட உண்டு.

என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்ததும் இன்னொரு தயக்கமும் விலகியது. டெங்கு தொட்டால் ஒட்டாது, பகலில் கடிக்கும் கொசுவால்தான் வரும் என்று சுகாதார ஆய்வாளர் வந்து சொல்லும்வரை, காய்ச்சல் வீட்டுக் கேட்டைத் தாண்டப் பலர் யோசித்தார்கள். 2020-ல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்?

கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் ஞாயிறுதோறும் சுற்றினோம். கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, எல்லாவற்றிலும் புழு. சிமெண்ட் தொட்டியில் டார்ச் அடித்தால் மேலே இருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அப்புறம் அவர்களே பெரியவர்களை விரட்டினார்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர் வீடு பூட்டிக் கிடந்தது. போன் போட்டதும், "சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கு, தாராளமா தொறங்க" என்றார். மாடித் தொட்டிக்கு மூடியே இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் தர்ம சிந்தனையால் வந்தார்கள் என்று எழுத மாட்டேன். தன் பிள்ளைக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் வந்தவர் உண்டு. வீட்டம்மா தள்ளிவிட்டதால் வந்தவர் உண்டு. தேர்தலை மனதில் வைத்து வெள்ளை வேட்டியில் வந்தவரும் உண்டு. அவர்தான் சாக்கடையில் முதலில் இறங்கினார், வேட்டி போனது. ஆனால் கார்த்திகை மழையில் சம்பா மூழ்கி, வயலுக்கு ஓட வேண்டியிருந்த வாரத்திலும் விடாமல் வந்தவர்களைப் பார்த்தால், பாதிப் பேர் ஒரு காலத்தில் தாங்களே உதவி வாங்கியவர்கள். தகரம் அடிக்கப்பட்ட வீடுகளில் ஒன்றில் இருந்த நம் தையற்கார அக்காதான் கஞ்சி வைக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு யாரோ என் கேட்ல தூக்குச்சட்டியை மாட்டிட்டுப் போனாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. யாருக்குத் திருப்பித் தர்றது?" என்றார்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அதனால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்ன வீடுகளுக்கும் பொறுப்பாளர்கள் விடாமல் போன் செய்தார்கள்: வயிற்று வலி உண்டா, விடாமல் வாந்தி வருகிறதா, ஈறில் ரத்தம் வருகிறதா, சிறுநீர் போகிறதா. தனியாக இருந்த ஒரு பாட்டியை இப்படித்தான் நேரத்தில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோக முடிந்தது. இப்போது தன் வரிசைக்கு அவர்தான் கண்காணிப்பாளர், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

வரும் மழைக்காலத்துக்கான வரிசைப் பட்டியல் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. இரவில் ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறவர்களின் பட்டியல் தனியாக வேண்டும் என்பது குழுவின் தீர்மானம். வடக்குத் தெரு இரண்டாம் வரிசைக்கு இன்னும் ஆள் இல்லை. பொதுவாகக் கேட்கப் போவதில்லை. அந்த வரிசையில் இருவரை மனதில் வைத்திருக்கிறேன், கலைவதற்குள் அவர்களிடமே வருகிறேன்.

அடுத்துப் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார். நன்றி.

செயலாளர்