புரையேறினாலே மெட்ரோனிடசோல் என்ற வரியை எடுத்துவிடுங்கள்

மருத்துவமனைகளில் ஆண்டிபயாடிக் நெறிமுறை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நான் வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர். நீங்கள் எழுதும் தாளைப் பார்த்துத்தான் இரவு இரண்டு மணிக்கு நாங்கள் மருந்து எழுதுகிறோம், அதனால் உங்களிடமே நேராகக் கேட்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பக்கவாதத்தோடு ஒரு பெரியவர் வார்டில் இருந்தார். தண்ணீர் குடிக்கும்போது புரையேறி, மறுநாள் காய்ச்சல், எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் நிழல். ஆஸ்பிரேஷன் நிமோனியா, அதாவது புரையேறியது நுரையீரலுக்குள் போனதால் வரும் நிமோனியா. காலையில் நான் போனபோது செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆண்டிபயாடிக் ஏறி முடிந்திருந்தது, பக்கத்தில் காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாக்களுக்கான மெட்ரோனிடசோல் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "ஆஸ்பிரேஷன்தானே சார், புரோட்டோகால்ல இருக்கே" என்றார் இரவுப் பணியில் இருந்த தம்பி. அவர் மேல் தப்பே இல்லை, தாளில் அப்படித்தான் இருக்கிறது. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது, ஆனால் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது, சி. டிஃபிசில் (ஆண்டிபயாடிக் கொடுத்த பின் குடலில் பெருகும் கிருமி) பரிசோதனை பாசிட்டிவ். நிமோனியாவிலிருந்து தேறிய மனிதர் அதிலிருந்து எழுந்து உட்கார இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இந்தப் பழக்கம் 1970களில் வந்தது. அப்போது கழுத்து வழியாக மூச்சுக்குழாயில் ஊசி செலுத்திச் சளி எடுத்துப் பார்த்தார்கள், காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாக்கள் நிறையக் கிடைத்தன. ஆனால் அந்த நோயாளிகளில் பலர் நோய் முற்றி, நுரையீரலில் சீழ்க்கட்டி வரை போனபிறகு வந்தவர்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் பெரும்பாலும் நியுமோகாக்கஸ், ஹீமோபிலஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், கிராம் நெகட்டிவ் கிருமிகள்தான். 2019ல் அமெரிக்க மார்பு நோய் சங்கமும் தொற்றுநோய் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், சீழ்க்கட்டியோ எம்பையீமாவோ (நுரையீரலைச் சுற்றிச் சீழ் தேங்குவது) சந்தேகப்பட்டால் ஒழிய காற்றில்லா பாக்டீரியாவுக்கென்று வழக்கமாக மருந்து சேர்க்க வேண்டாம் என்கிறது. 2024ல் கனடாவின் ஒண்டாரியோவில் 18 மருத்துவமனைகளில் சுமார் 4,000 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். அந்தக் கூடுதல் மருந்தால் இறப்பு குறையவில்லை, சி. டிஃபிசில் குடல் அழற்சிதான் கூடியது.

சரி, என்ன எழுதலாம்? வீட்டிலிருந்து வருகிறவருக்கு செஃப்ட்ரியாக்சோனோ ஆம்பிசிலின்-சல்பாக்டமோ ஒன்று போதும். பின்னதே காற்றில்லா பாக்டீரியாக்களையும் கவனித்துக்கொள்ளும், அதோடு மெட்ரோனிடசோலையும் சேர்ப்பது ஒரே வேலைக்கு இரண்டு மருந்து. (மெட்ரோனிடசோலை மட்டும் தனியாகக் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது நியுமோகாக்கஸை ஒன்றும் செய்யாது.) பல நாள் மருத்துவமனையில் கிடந்தவர், ஏற்கெனவே மருந்துக்கு அடங்காத கிருமி கண்டவர் என்றால் கதை வேறு, அங்கே உங்கள் வார்டில் எந்தக் கிருமி வளர்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நன்றாகத் தேறுகிறவருக்கு 5 முதல் 7 நாள் போதும், சீழ்க்கட்டி என்றால்தான் வாரக்கணக்கில் போகும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாந்தி எடுத்துப் புரையேறி, சில மணி நேரத்துக்குள் மூச்சிரைத்து, எக்ஸ்ரேயிலும் நிழல் வந்தால் அது கிருமியாகவே இருக்க வேண்டியதில்லை. வயிற்று அமிலம் நுரையீரலைப் புண்ணாக்குவதை அமெரிக்க மகப்பேறு மருத்துவர் மெண்டல்சன் 1946லேயே எழுதிவிட்டார், அது பலருக்கு ஓரிரு நாளில் தானாகத் தெளிகிறது. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் தாராளமாக ஆரம்பியுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "48 மணி நேரத்தில் திரும்பப் பார், தெளிந்திருந்தால் நிறுத்து" என்று தாளில் ஒரு வரி இருந்தால், நிறுத்தவும் எங்களுக்குத் தைரியம் வரும். இப்போது ஆரம்பிக்க மட்டும்தான் வரி இருக்கிறது, அப்புறம் ஏழு நாள் ஓடிவிடுகிறது.

அப்படியே விழுங்கும் பரிசோதனைக்கும் வாய் சுத்தத்துக்கும் இடம் கொடுங்கள். நான் அன்று டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தப் பெரியவரின் நாக்கில் காய்ந்த சளி பொருக்காக ஒட்டியிருந்தது. மருந்துக்கு இரண்டு வரி எழுதியிருந்த அதே தாளில் பல் துலக்கிவிட ஒரு வரி இல்லை.