மல்லிகாவின் நோட்டு

அன்புள்ள மல்லிகா,

உன் நாட்டு மருந்து நோட்டின் ஜெராக்ஸ் வந்து சேர்ந்து வெகு நாளாயிற்று. இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். தங்கராசு சாரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல். இன்னும் அந்தக் குடையோடுதான் அலைகிறாரா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி பிறந்ததும் நோட்டை அச்சுக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, கொடுக்காதேடி. கோபப்படாமல் முழுக்கப் படி. கீரனூர், குன்னாண்டார்கோயில் பக்கத்துப் பாட்டிகள் ஒவ்வொருவராகத் தேடிப்போய் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறாய். அந்தப் பாட்டிகளில் பாதிப்பேர் இன்னும் பத்து வருஷத்தில் இருக்கமாட்டார்கள், அதனால்தான் இந்த நோட்டின்மேல் எனக்கு இவ்வளவு ஆசை, இவ்வளவு கவலை. ‘கீழாநெல்லி, காமாலைக்கு, ஒரு கைப்பிடி’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். செடி இருக்கிறது, நோய் இருக்கிறது, நடுவில் இருக்கவேண்டிய கைப்பக்குவம் இல்லை. வைத்தியமே அந்த நடுவில்தான் இருக்கிறது.

சீனத்துக் கதையைக் கேள். கி.பி. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் அவசரத்துக்குக் கைகொடுக்கும் மருந்துகளை எழுதிவைத்தார். முறைக்காய்ச்சலுக்கு அவர் சொன்னது இதுதான்: சிங்ஹாவ் ஒரு கைப்பிடி எடு, இரண்டு செங் (பழைய சீன அளவு) தண்ணீரில் ஊறவை, பிழிந்து சாறு முழுவதையும் குடி. சிங்ஹாவ் நம்ம மருக்கொழுந்துக்கு உறவுக்காரச் செடி. 1967-ல் சீன அரசு மலேரியா மருந்து தேடும் வேலையைத் தொடங்கியது. 1969-ல் அதில் சேர்ந்த து யூயூ என்ற பெண் விஞ்ஞானி நூற்றுக்கணக்கான பழைய செய்முறைகளைத் திரட்டினார். இந்தச் செடி ஒரு தடவை வேலை செய்யும், மறு தடவை கைவிட்டுவிடும். ஏன் என்று புரியாமல் பழைய ஏட்டைத் திரும்பப் படித்தபோதுதான், அதில் காய்ச்சு என்ற பேச்சே இல்லை, ஊறவைத்துப் பிழி என்று மட்டும் இருப்பது அவர் கண்ணில் பட்டது. சூட்டில் மருந்து கெடுகிறது என்று ஊகித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சத்தை இறக்கினார். 1971 அக்டோபரில் 191-ஆம் எண் மாதிரி எலிகளின் மலேரியாக் கிருமியை முழுக்கத் துடைத்தெடுத்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015-ல் து யூயூவுக்கு நோபல் பரிசு. கே ஹோங் உன்னைப்போல ‘சிங்ஹாவ், காய்ச்சலுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த அம்மாளுக்கு எந்தத் துப்பும் கிடைத்திருக்காது.

இன்றைக்கு அதே இலையை டீ போட்டுக் குடித்தால் மலேரியா போய்விடும் என்று பல நாடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெந்நீரில் இறங்குவது கொஞ்சம், அதுவும் இலைக்கு இலை மாறும். காய்ச்சல் இரண்டு நாள் அடங்கிவிட்டுத் திரும்ப வரும். அரைகுறை அளவு போனால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இங்கிலாந்தில் 1775-ல் வில்லியம் விதரிங் என்ற டாக்டரிடம் நீர்க்கோவைக்கான, அதாவது உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கான, ஒரு குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு பாட்டி ரகசியமாக வைத்திருந்தது, இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்தது. வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடி ஒன்றுதான் என்று விதரிங் கண்டுகொண்டார். இலையை எப்போது பறிக்கவேண்டும்? பூக்கும் பருவத்தில். பருவம் மாறினால் வீரியமும் மாறுகிறது என்று கண்டுதான் இப்படி நிலைநிறுத்தினார். கஷாயமாகக் காய்ச்சியபோது அளவு பிடிபடவில்லை. அதை விட்டு, ஒரு டிராம், அதாவது 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான காய்ந்த இலையை அரை பைண்ட், சுமார் கால் லிட்டர், கொதிநீரில் நாலு மணி நேரம் ஊறவைத்தார். பொடியானால் ஒன்று முதல் மூன்று கிரெயின், நாளைக்கு இரண்டு வேளை. ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம்! சிறுநீர் பெருகினாலோ, குமட்டினாலோ, நாடி தளர்ந்தாலோ, வயிறு கழிந்தாலோ, எது முதலில் தெரிகிறதோ அந்த நிமிஷமே நிறுத்திவிடவேண்டும் என்றார். 1785-ல் புத்தகமாக வெளியிட்டபோது பலிக்காத நோயாளிகளையும் மறைக்காமல் எழுதினார். உன் நோட்டில் பலிக்காத ஒரே ஒரு சம்பவம்கூட இல்லையே? பாட்டிகளிடம் கேள், சொல்வார்கள். ‘யாருக்குக் கொடுக்கமாட்டீங்க, எப்ப நிறுத்துவீங்க, எப்ப பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்வீங்க’ என்ற மூன்று கேள்விக்கும் நல்ல வைத்தியச்சியிடம் பதில் இருக்கும். பதில் இல்லாதவர் சொன்ன மருந்தை நோட்டில் சேர்க்காதே.

இனி அளவு. கைப்பிடி என்றால் யார் கை? உன் கையும் என் கையும் ஒன்றா? கல்லூரி மெஸ்ஸில் உன் கைப்பிடிச் சோறு என்னுடையதில் இரண்டு மடங்கு என்று எல்லோருக்கும் தெரியும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கு. பாட்டியையே அவர் வழக்கமாக எடுக்கிறமாதிரி எடுக்கச் சொல். அதை நிறுத்துக் குறித்துக்கொள், திரும்பவும் எடுக்கச் சொல், மூன்று தடவை. விரல் நுனியால் எடுக்கும் வெருகடி என்றாலும், சுண்டைக்காயளவு என்றாலும், கொட்டைப்பாக்களவு என்றாலும் இதே வேலைதான். பச்சையா காய்ந்ததா என்பதைப் பக்கத்திலேயே எழுது, காய்ந்தால் எடை பாதிக்கும் கீழே போய்விடும். பலம், ஆழாக்கு என்று சொன்னால் அவர்கள் சொல்லை அப்படியே வைத்து, அடைப்புக்குறிக்குள் 35 கிராம், 168 மில்லி என்று போடு. குடிநீர், அதாவது கஷாயம், என்றால் எத்தனை தண்ணீர் எவ்வளவாகச் சுண்டவேண்டும் என்பது முக்கியம். நாலொன்றாய் என்றால் 240 மில்லி 60 ஆகவேண்டும், எட்டொன்றாய் என்றால் 30. சிறுதீயா, மூடி போட்டா, மண்சட்டியா என்றும் கேள். வெட்டிவேர், சந்தனம் மாதிரி வாசனைச் சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீரைத் திறந்துபோட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த வாசனையெண்ணெய் ஆவியோடு போய்விடும். காய்ச்சினதை அன்றன்றைக்கே குடித்துவிடவேண்டும், ராத்திரிக்கு மேல் வைத்தால் புளித்துப்போகும்.

பக்கம் 31-ல் ‘மூன்று நாள் பித்தளைச் சொம்பில் வைக்கணும்’ என்று பாட்டி சொன்னதை எழுதிவிட்டு அடித்திருக்கிறாய். ஏன் அடித்தாய்? மூடநம்பிக்கை என்றா? பத்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஏடு ஒன்றில் கண்கட்டிக்கு ஒரு மருந்து இருக்கிறது. பூண்டும் இன்னொரு வெங்காய இனமும் சம அளவு இடித்து, ஒயினும் மாட்டுப் பித்தமும் சம அளவு சேர்த்து, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது ராத்திரி வைத்து, துணியில் வடிகட்டி, இறகால் தொட்டு வைக்கவேண்டும். 2015-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதை வரிக்கு வரி செய்துபார்த்தார்கள். சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ கிருமியை அது சோதனைக்கூடத்தில் கொன்றது. சரக்குகளைத் தனித்தனியாக வைத்தால் அந்த வீரியம் இல்லை, ஒன்றுசேர்ந்தால்தான். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து கண்ணில் விட்டுவிடக்கூடாது, அது வேறு. தேவையில்லாததுபோல் தெரிகிற வரியை நீ வெட்டாதே என்பதற்காகச் சொல்கிறேன். உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் ‘எனக்குச் சந்தேகம்’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது. பக்கம் 12, ஈஸ்வரமூலி. ‘விஷக்கடிக்கு வேர், வயிற்றுக்கு இலை, தினமும் கொஞ்சம் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது.’ மல்லிகா, இதை அச்சில் கொண்டுவராதே. அது அரிஸ்டோலோகியா இனம், ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் சுருங்கி வந்து நின்றார்கள். ஃபாங்ஜி என்ற பேரில் இரண்டு வேர்கள் வியாபாரத்தில் இருந்தன. ஸ்டெஃபானியா என்ற செடியின் வேர் போகவேண்டிய இடத்தில் அரிஸ்டோலோகியா வேர் போய்விட்டது. 1993-ல் பிரஸல்ஸ் டாக்டர்கள் அதை வெளியிட்டார்கள். சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. டான்யூப் ஆற்றங்கரைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த சிறுநீரக நோய்க்கும் கோதுமையோடு கலந்துபோன இதே இனத்து விதைதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் வைத்திருக்கிறது.

பாட்டிக்கு இது தெரியாமல் போனதில் தப்பே இல்லை. கொடுத்தவுடன் வாந்தி வந்தால் எந்த வைத்தியச்சியும் கண்டுபிடித்துவிடுவார், இரண்டாம் தடவை அளவைக் குறைப்பார். பல வருஷம் கழித்துச் சிறுநீரகம் பழுதானால், அன்றைக்குக் கொடுத்த வேரை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? அனுபவத்தால் பிடிக்கமுடியாத கெடுதல் என்று ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பாட்டியின் சொல்லுக்கு மேல் ஆய்வுக்கூடத்தின் சொல்லைத்தான் வைக்கவேண்டும், வேறு வழியில்லை. பாம்புக்கடி சமாசாரமும் இப்படித்தான். கடிப்பதில் நிறைய விஷமில்லாத பாம்பு, விஷப்பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது. பிழைத்தவன் வேரால் பிழைத்தேன் என்கிறான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடித்து விஷம் ஏறிவிட்டால் விஷமுறிவு ஊசிதான், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது. அந்த ஊசிக்கு விஷம் எடுத்துத் தருபவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978-லிருந்து. நாட்டு அறிவு இங்கே எவ்வளவு உயிரைக் காப்பாற்றுகிறது பார். உன் புத்தகத்தில் பாம்புக்கடிக்கு ஒரு பக்கம் வேண்டுமென்றால் இதை எழுது.

கீழாநெல்லிக்கு வருகிறேன். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குகிற செடி, வேரோடு பிடுங்கி அரைத்து நெல்லிக்காயளவு மோரில், வெறும் வயிற்றில். எல்லோரும் சொல்லும் பக்குவம் இதுதான். 1988-ல் மெட்ராஸில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு இதன் பொடியை 200 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை முப்பது நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை தின்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. ஊரில் பார்க்கிற காமாலையில் நிறைய ஹெபடைடிஸ் ஏ, அது ஓய்வெடுத்தால் சில வாரத்தில் தானே இறங்கும். ஆகவே நீ எழுதவேண்டியது செடியைப் பற்றி ஒரு பங்கு, எப்போது காத்திருக்கக்கூடாது என்பதைப் பற்றி மூன்று பங்கு. மலம் வெளுத்து, உடம்பு அரித்து, குளிர்காய்ச்சல் வந்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பேச்சு குழறினால், பகலெல்லாம் தூங்கினால், பல் ஈறில் ரத்தம் கசிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் வீட்டில் வைத்துப் பார்க்காதே, ஹெபடைடிஸ் ஈ கடைசி மாதங்களில் தாயின் உயிரையே எடுத்துவிடும்.

குழந்தைகளுக்கான உரைமருந்துப் பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம்: ‘தேனில் குழைத்து’ என்பதைத் தாய்ப்பால் என்று மாற்று. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும். கல்லில் எத்தனை இழைப்பு என்று பாட்டி சொன்னதை நீ எழுதியிருப்பது அருமை, நோட்டிலேயே சரியான அளவு உள்ள பக்கம் அதுதான்.

அப்புறம் ஒவ்வொரு செடிக்கும் பூவும் காயும் உள்ள கிளையாக இரண்டு மாதிரி எடுத்து, பழைய செய்தித்தாளில் அழுத்தி, முதல் வாரம் தினமும் தாளை மாற்று. மழைக்காலத்தில் ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை பிடிக்கும். பூவின் நிறம், இடம், தேதி, பாட்டி சொன்ன பெயர் எல்லாம் பறிக்கும்போதே எழுதிவிடு, காய்ந்தபின் நிறம் இருக்காது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைத்திருக்கும் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் கூட வருகிறேன்.

பாட்டிகளிடம் சம்மதம் கேட்டாயா? அகத்தியமலைப் பழங்குடிகளான காணிகள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைத் தின்று அலுப்பில்லாமல் காட்டில் நடப்பதைப் பார்த்துத்தான் கேரளத்து விஞ்ஞானிகள் ஜீவனி என்ற மருந்தைச் செய்தார்கள். வந்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று ஒரு ஏற்பாடு நடந்தது. உன் புத்தகம் லட்சம் சம்பாதிக்கப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பெயர் போடலாமா, எதைச் சொல்லவேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்று கேட்டுவிடு. சொல்லவேண்டாம் என்றால் விட்டுவிடு.

திருத்தின ஜெராக்ஸைப் பஸ்ஸில் வரும் நம்ம வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடுகிறேன். பச்சை மையில் எழுதியிருப்பது கேள்வி, சிவப்பு என்றால் அந்தப் பக்கமே வேண்டாம். சிவப்பு நாலே பக்கம்தான், பயப்படாதே. தராசு வாங்கினதும் முதலில் செல்லாயிப் பாட்டியிடம் போ, அவருக்குத்தான் வயது அதிகம்.

அன்புடன்,
ரெஜினா