விலை இடைவெளியே முதல் கேள்வி: மின் கட்டண ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மின் கட்டணங்களை வகுக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டு, நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம் நாடு நாடாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. மின்சாரக் காரும் வீட்டு பேட்டரியும் வைத்திருக்கிற, அல்லது வாங்கலாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இவை எல்லாம் சேர்ந்தால் பணம் மிச்சமாகும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அது மெய்யாகுமா என்பது நீங்கள் முடிவு செய்யும் ஒன்றைப் பொறுத்திருக்கிறது: மலிவு நேரத்துக்கும், எல்லோரும் ஒருசேர மின்சாரம் இழுப்பதால் விலை கூடும் உச்ச நேரத்துக்கும் இடையே எவ்வளவு விலை இடைவெளி விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

வீட்டு பேட்டரியின் வேலை, மலிவு நேரத்தில் ஏற்றிய மின்சாரத்தை உச்ச நேரத்தில் திருப்பித் தருவது. அதில் 10 யூனிட் ஏற்றினால், இன்வெர்ட்டரில் வீணாவதும் பேட்டரியிலேயே வெப்பமாகிப் போவதும் போக, ஏறத்தாழ 9 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். உச்ச நேரத்தில் ஒரு யூனிட்டின் விலையை 100 என்று கொள்வோம். மலிவு நேரத்தில் அது 90 என்றால், 900 கொடுத்து ஏற்றி 900 மதிப்புள்ள மின்சாரத்தைத் திரும்ப எடுக்கிறோம். ஒரு காசும் மிஞ்சவில்லை, பேட்டரி வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. மலிவு விலை 80 ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 100 மிஞ்சும். அது 40 ஆக இறங்கினால் 500 மிஞ்சும், அதாவது ஐந்து மடங்கு. விலை பாதியாகத்தான் குறைந்தது, ஆனால் சேமிப்பு ஐந்து மடங்காகிவிட்டது. அதனால்தான் “நேர அடிப்படையிலான கட்டணம்” என்ற பெயர் ஒன்றாக இருந்தும், ஓரிடத்தில் பேட்டரி தன் விலையைத் தானே ஈட்டிவிடுகிறது, வேறோரிடத்தில் சுவரில் தொங்கும் வெறும் பெட்டியாக இருக்கிறது.

இந்தியாவில் 2023-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வீடுகளுக்கான உச்ச நேரக் கட்டணம் இயல்புக் கட்டணத்தின் 1.10 மடங்குக்குக் குறையக்கூடாது. அந்தப் பத்து விழுக்காட்டை மட்டும் நம்பி, இயல்பு நேரத்தில் ஏற்றி உச்ச நேரத்தில் செலவிடுபவர், இயல்பு விலை 100 என்றால், 1,000 கொடுத்து 990 பெறுவார். அதே விதிகள் சூரிய ஒளி நேரத்துக்குக் கட்டணக் குறைப்பையும் சொல்லியிருப்பதால்தான் கணக்கு நட்டத்திலிருந்து மீள்கிறது. ஆகவே நீங்கள் உச்ச நேரத்தில் கூட்டுவதைப் போலவே மலிவு நேரத்தில் குறைப்பதையும் தாராளமாகச் செய்ய வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

கார் விஷயம் இதைவிட எளிது. அதன் பேட்டரி பயணத்துக்காக எப்படியும் வாங்கப்பட்டது. எப்போது சார்ஜ் செய்தாலும் ஆகும் இழப்பு ஒன்றுதான். எனவே மலிவு நேரத்துக்கு மாறினால் விலை வித்தியாசம் முழுவதும் குடும்பத்தின் கைக்கு வந்துவிடும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் சாதாரண மின்சாரக் காருக்கு ஏறத்தாழ 6 முதல் 8 யூனிட் போதும்; 7 கிலோவாட் சார்ஜரில் அது ஒரு மணி நேரச் சொச்ச வேலை. இரவு முழுவதும் நிற்கும் வண்டிக்கு அந்த நேரத்தை எங்கு வைத்தாலும் ஒன்றுதான். முதலில் கார், பிறகு தேவை இருந்தால் பேட்டரி என்ற வரிசையை நுகர்வோருக்கான உங்கள் கையேடுகள் வெளிப்படையாகச் சொல்லலாம்.

ஆனால் மலிவு நேரம் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குகிறது என்றால், எல்லா வண்டிகளும் சரியாக 12 மணிக்கே மின்சாரம் இழுக்கத் தொடங்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுவே புதிய உச்ச நேரமாகிவிடும். பிரிட்டன் இதை முன்கூட்டியே யோசித்து, 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள் 10 நிமிடம் வரையிலான, சார்ஜருக்குச் சார்ஜர் மாறும் ஒரு தற்செயல் தாமதத்துடன் தொடங்க வேண்டும் என விதித்தது. செலவே இல்லாத இந்த ஏற்பாட்டை மற்ற ஆணையங்களும் கட்டாயமாக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் விதிகளில் சேர்க்க வேண்டும். சரியாக அமைக்கப்படாத இன்வெர்ட்டர், கார் சார்ஜ் ஆகத் தொடங்கியதும் அதையும் வீட்டுச் செலவு என எண்ணி, வீட்டு பேட்டரியை காருக்குள் கொட்டிவிடும். மாலைக்காகச் சேர்த்தது இரவோடு இரவாகத் தீர்ந்து, இழப்பும் இருமுறை ஏற்படும். பொருத்துபவர் அந்த அமைப்பைச் சோதித்துக் காட்டிய பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

அடுத்து, ரசீது. நான் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறிய முதல் மாதத்தில் கைக்கு வந்த ரசீதில் மொத்த யூனிட்டும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன. எந்த நேரத்தில் எவ்வளவு செலவானது என்று தெரியாமல் ஒருவர் தன் பழக்கத்தை எப்படி மாற்றிக்கொள்வார்? மீட்டரோ அரை மணிக்கு ஒருமுறை கணக்கை எழுதிவைக்கிறது. அது நுகர்வோருக்குச் சொந்தமான விவரம். பழைய ஒரே விலைக் கட்டணத்தில் இதே பயன்பாட்டுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்ற தொகையையும் அதன் பக்கத்திலேயே அச்சிடச் செய்யுங்கள்.

மாற்றிக்கொள்ள முடியாதவர்களையும் மறந்துவிடக் கூடாது. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர், கைக்குழந்தை உள்ள வீடு, வண்டி நிறுத்த இடமில்லாத வாடகைக் குடியிருப்பு ஆகியோர் மாலை நேரச் செலவை வேறு நேரத்துக்குத் தள்ள முடியாது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் சலுகையின் சுமை இவர்கள் தலையில் விழுவதை நீங்கள் அனுமதிக்கக் கூடாது. ஆகவே இந்தக் கட்டணம் விருப்பத் தேர்வாக இருக்கட்டும். மாறியவர் முதல் ஓராண்டில் பழைய முறையைவிடக் கூடுதலாகச் செலுத்தியிருந்தால் அந்த வித்தியாசம் திருப்பித் தரப்படட்டும்.

கடைசியாக, நிலைத்தன்மை. பிரிட்டனில் 1978-இல் வந்த ‘எகானமி 7’ திட்டம் இரவில் ஏழு மணி நேரம் மலிவு என்று சொன்னது. மக்கள் அதை நம்பி வெப்பத்தைச் சேமித்துவைக்கும் ஹீட்டர்களைத் தங்கள் வீடுகளில் பொருத்தினார்கள். வீட்டு பேட்டரி பத்தாண்டு உழைக்கும் என்று எண்ணி வாங்கப்படுவது. ஆண்டுக்கு ஆண்டு நேரமும் விலையும் மாறினால் யாரும் அந்தக் கணக்கைப் போடவே முடியாது. உங்கள் அடுத்த கட்டண ஆணையில், மலிவு நேரங்களையும் குறைந்தபட்ச விலை இடைவெளியையும் ஐந்தாண்டுக்கேனும் மாற்றுவதில்லை என்ற உறுதியை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வீட்டு மின் நுகர்வோர்